எபிசோட் 41: கேஸ் தீர்ந்துபோகாது, ஓடித்தான் போகும் – அப்பாவோட 1993 மாருதி 800-க்கு குளிர் திரும்பின கதை

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் கொஞ்சம் கிரீஸ் கையோடதான் மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கேன். சும்மா சொல்லல, நகக்கண்ணுல கறுப்பு இன்னும் போகல.

எங்க வீட்ல ஒரு வெள்ளை மாருதி 800 இருக்கு. 1993 மாடல், கார்புரேட்டர் வண்டி, கம்பெனியிலேயே ஏசி வச்சு வந்தது. ஏசி இல்லாத வண்டி குறைஞ்ச விலைக்குக் கிடைச்சும், அப்பா கடனைக் கொஞ்சம் கூட்டி வாங்கிட்டு இதைத்தான் எடுத்தார். எங்க தெருவுல முதல் ஏசி கார் அதுதான்னு இன்னைக்கும் சொல்வார். அந்த ஏசி 2006-ல நின்னுபோச்சு. டேஷ்போர்டுல அந்த ஸ்விட்ச் மட்டும் சாமி படம் மாதிரி அப்படியே இருந்தது.

அம்மாவுக்கு வீசிங். சென்னை டிராஃபிக்ல கண்ணாடியை இறக்கினா தூசி, புகை. பத்தாவது நிமிஷம் இன்ஹேலரைத் தேடணும். கண்ணாடியை ஏத்தினா வண்டி இட்லி குண்டான். அதனால அம்மா எங்க போறதுனாலும் கேப் புக் பண்ணிப் போவாங்க. அப்பா தனியா 800-ல பின்னாடியே போவார். ஒரே கல்யாணத்துக்கு ரெண்டு வண்டி. போன பொங்கலுக்கு வந்த அக்கா முடிவா சொல்லிட்டா: “சித்திரைக்குள்ள ஏசி சரியாகணும். இல்லைன்னா வண்டியைக் கொடுத்துடுவோம்ப்பா.” அப்பா பதில் பேசல. எழுந்து போய் வண்டிக்குக் கவர் போட்டுட்டு வந்தார்.

அப்படித்தான் நான் இதுக்குள்ள இறங்கினேன். இந்த எபிசோட்ல நான் என்ன கத்துக்கிட்டேன், எங்க சொதப்பினேன்னு ரெண்டையும் சொல்றேன். உங்க வீட்லயும் ஒரு பழைய எஸ்டீமோ, கான்டெஸாவோ, 118 என்இ-யோ நின்னுட்டிருந்தா உதவும்.

ஏசி குளிரை உண்டாக்காது

முதல்ல அடிப்படை. ஊசி போடுறதுக்கு முன்னாடி நர்ஸ் கையில ஸ்பிரிட் தடவுவாங்க இல்லையா? அந்த இடம் ஜில்லுன்னு ஆகும். ஸ்பிரிட் ஆவியாகும்போது உங்க தோல்ல இருக்கிற சூட்டை எடுத்துட்டுப் போகுது. ஏசி மொத்தமும் இந்த ஒரே வித்தைதான். குளிரை உற்பத்தி பண்றதில்ல, உள்ள இருக்கிற சூட்டைத் தூக்கி வெளியே கொட்டுது. தூக்குற கூலியாள்தான் நாம “கேஸ்”னு சொல்ற ரெஃப்ரிஜரன்ட்.

ஒரு சுத்து எப்படின்னு பாருங்க. இன்ஜின் பெல்ட்ல ஓடுற கம்ப்ரஸர் கேஸை அழுத்தும். அழுத்தினா சூடாகும். அது ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கிற கண்டன்சருக்குப் போய், வெளிக்காத்துல சூட்டை விட்டு, திரவமா மாறும். அடுத்தது டிரையர், ஒரு சின்ன டப்பா. உள்ள ஈரத்தை உறிஞ்சுற மணிகள் இருக்கும். அதுக்கப்புறம் எக்ஸ்பான்ஷன் வால்வு, ஊசிக்கண் அளவு வழி. அதைத் தாண்டினதும் அழுத்தம் சட்டுன்னு விழும், திரவம் கொதிச்சு ஆவியாகும். அந்த ஆவியாகுற இடம்தான் கூலிங் காயில். 800-ல இது குளோவ் பாக்ஸ் பக்கம் டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கு. ப்ளோயர் அது மேல காத்தை ஊதுது, உங்களுக்குக் குளிருது. ஆவி திரும்பக் கம்ப்ரஸருக்கு. அவ்வளவுதான்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? இது மூடின வட்டம். பெட்ரோல் மாதிரி எதுவும் எரிஞ்சு தீர்றதில்ல. “வருஷா வருஷம் சம்மருக்கு முன்னாடி கேஸ் போடணும்”னு நாம சாதாரணமா சொல்றோம். கேஸ் தீராது. குறைஞ்சிருந்தா எங்கேயோ ஓடியிருக்கு. பழைய வண்டியில ரப்பர் ஹோஸ் வழியாவும் கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் வழியாவும் வருஷக்கணக்குல கொஞ்சம் கசியறது இயல்பு. ஆனா ஒவ்வொரு கோடைக்கும் போட வேண்டியிருந்தா அதுக்குப் பேரு லீக்.

எங்க அப்பா 1998-லிருந்து 2006 வரைக்கும் வருஷா வருஷம் கேஸ் போட்டிருக்கார். லீக் எங்கன்னு ஒருத்தரும் தேடல.

ஓடிப்போன கேஸ் எங்க போச்சு?

அந்தக் காலத்து 800-ல இருந்தது ஆர்-12. இது ஒரு சிஎஃப்சி. இதோட கதை கொஞ்சம் விசித்திரமானது.

1920-கள்ல வீட்டு ஃப்ரிட்ஜ்ல அமோனியா, சல்பர் டை ஆக்ஸைடு, மீதைல் குளோரைடு மாதிரி விஷ வாயுக்கள்தான் இருந்தது. லீக் ஆனா ஆள் செத்துருவாங்க. அதுக்கு மாற்றா ஜெனரல் மோட்டார்ஸ்ல வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவும் ஆர்-12 கண்டுபிடிச்சாங்க. 1930-ல ஒரு வேதியியல் கூட்டத்துல மிட்ஜ்லி அதை மூச்சுல இழுத்து, மெழுகுவத்தி மேல ஊதி அணைச்சுக் காட்டினார். விஷமில்ல, தீப்பிடிக்காதுன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல நிரூபிச்சார். பெட்ரோல்ல ஈயம் கலக்கிற யோசனையும் இவரோடதுதான். மனுஷன் கை வச்சதெல்லாம் அப்படி.

1940 மாடல் பேக்கார்ட் கார்ல கம்பெனியே ஏசி வச்சுக் கொடுத்தாங்க. அதுல கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம்னா இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழட்டணும். கிளட்ச்சை ஞாபகம் வச்சுக்கோங்க, என் கதையில திரும்ப வரும்.

1974-ல மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட்னு ரெண்டு விஞ்ஞானிகள், இந்த சிஎஃப்சி மேல போய் ஓசோன் படலத்தை அரிக்கும்னு எழுதினாங்க. 1985-ல அண்டார்டிகா மேல ஓசோன் ஓட்டை பத்தின அறிக்கை வந்தது. 1987-ல மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா 1992-ல சேர்ந்தது. இங்க 2003 ஜனவரி முதல் புதுசா தயாரிக்கிற பொருட்கள்ல சிஎஃப்சி பயன்படுத்தத் தடை வந்தது. 2008 ஆகஸ்ட்ல, ஆஸ்துமா இன்ஹேலருக்கான சிறிய அளவைத் தவிர, உற்பத்தியே நின்னது. ஆமா, எங்க அம்மா கையில இருக்கிற மாதிரி இன்ஹேலர்தான்.

ஆர்-12 வளிமண்டலத்துல சுமார் 100 வருஷம் இருக்கும். அதாவது அப்பா எட்டு கோடையில போட்ட கேஸ் பெரும்பகுதி இன்னும் நம்ம தலைக்கு மேலதான் இருக்கு. நான் இதைச் சொன்னப்போ அப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, “அப்போ யாரும் எங்களுக்குச் சொல்லலையேடா”ன்னார். சொல்லியிருக்கணும். வேலை தெரிஞ்சவங்க லீக்கைத் தேடியிருக்கணும்.

என் சொதப்பல்

இப்போ என் பாவத்துக்கு வருவோம். பிப்ரவரியில அவசரப்பட்டு ஒரு கடையில விட்டேன். “பழைய கேஸ் கிடைக்காது சார், புது கேஸ் அடிச்சுடலாம், ஒரு மணி நேர வேலை”ன்னாங்க. பழைய வால்வு மேல ஒரு அடாப்டரை மாட்டி, இப்போ வண்டிகள்ல இருக்கிற ஆர்-134ஏ கேஸை அடிச்சாங்க. ஜில்லுன்னு வந்தது. அப்பா முகத்தைப் பார்க்கணுமே. அன்னைக்கு ராத்திரி அம்மாவை உட்கார வச்சு பெசன்ட் நகர் வரைக்கும் போயிட்டு வந்தார்.

ரெண்டு வாரத்துல ஒரு வினோதம். இருபது நிமிஷம் நல்லா குளிரும், அப்புறம் வெறும் காத்து. பத்து நிமிஷம் அணைச்சு வச்சா மறுபடி குளிரும். மூணாவது வாரம் ஈசிஆர்ல போறப்போ ஒரு கீச் சத்தம், ரப்பர் கருகுற வாசம், பானெட்லேர்ந்து புகை. கம்ப்ரஸர் ஜாம்.

நல்லவேளை ஏசி ஸ்விட்ச்சை அணைச்சதும் கிளட்ச் விட்டுடுச்சு. பெல்ட் சக்கரம் மட்டும் சும்மா சுத்தினது. பேக்கார்டா இருந்திருந்தா கத்தியை எடுத்துப் பெல்ட்டை அறுத்திருக்கணும். மெதுவா வீடு வந்து சேர்ந்தோம். ஆனா வண்டியோடயே வந்த ஒரிஜினல் கம்ப்ரஸர் என் அவசரத்தால செத்துப்போச்சு.

ஏன்னு பின்னாடிதான் புரிஞ்சது. ரெண்டு தப்பு.

முதல் தப்பு, எண்ணெய். கம்ப்ரஸருக்குத் தனி ஆயில் பம்ப் வச்சு ஊர் முழுக்க எண்ணெய் அனுப்புற ஏற்பாடு இதுல இல்ல. எண்ணெய் கேஸோட கலந்து சிஸ்டம் முழுக்கச் சுத்தி, திரும்பக் கம்ப்ரஸருக்கு வரணும். ஆர்-12 காலத்து எண்ணெய் மினரல் ஆயில். அது ஆர்-134ஏ-வோட கலக்காது. எண்ணெய் கண்டன்சர்லயும் கூலிங் காயில்லயும் போய்த் தேங்கிடும், கம்ப்ரஸர் காய்ஞ்சுபோகும். காய்ஞ்ச இரும்பு எத்தனை நாள் ஓடும்?

ரெண்டாவது தப்பு, ஈரம். 2006-லிருந்து காலியா இருந்த பைப்புக்குள்ள சென்னைக் காத்து பூந்திருக்கு. அந்த ஈரத்தை வெளியே எடுக்காம கேஸ் அடிச்சதால, எக்ஸ்பான்ஷன் வால்வோட ஊசிக்கண்ணுல நீர் உறைஞ்சு பனிக்கட்டியா அடைச்சது. அதான் அந்த இருபது நிமிஷக் கணக்கு. அணைச்சு வச்சா பனி உருகும், வழி திறக்கும். அதே ஈரம் கேஸோட சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தும் அரிக்கும். உங்க வண்டியிலயும் இப்படி விட்டு விட்டுக் குளிர்ந்தா முதல்ல ஈரத்தைச் சந்தேகப்படுங்க.

கழட்டிப் பார்த்தப்போ

ஒரு நண்பன் மூலமா பரங்கிமலை பக்கம் ஒரு சின்ன ஷெட். அங்க இருந்த அண்ணன் முப்பது வருஷமா கார் ஏசி மட்டும்தான் பார்க்குறார். கேஸ் பத்தி எதுவும் பேசல. “தம்பி, மொதல்ல கண்ணால பார்ப்போம்”னு டார்ச்சை எடுத்தார்.

கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனா அதோட போற எண்ணெய் தெரியும். பைப் ஜாயின்ட்ல தூசி ஈரமா, பிசுபிசுன்னு ஒட்டியிருந்தா அங்க லீக். எங்க வண்டியில கண்டன்சர் ஜாயின்ட் ஒண்ணுல அந்தக் கறை நல்லாவே தெரிஞ்சது.

மீதி இருந்த கேஸை மெஷின் வச்சு ஒரு சிலிண்டருக்கு எடுத்துட்டார். காத்துல திறந்து விடல. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாதுதான், ஆனா பூமியைச் சூடாக்குற விஷயத்துல கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல கெட்டிக்காரன். 2016 கிகாலி உடன்பாட்டுல இதையும் படிப்படியா குறைக்க உலகம் ஒத்துக்கிட்டிருக்கு. இந்தியாவுக்கான குறைப்பு 2032-ல ஆரம்பிக்குது. மிட்ஜ்லியோட கதை இன்னும் முடியல.

அப்புறம் கம்ப்ரஸரைக் கழட்டி எண்ணெயைக் கவுத்தார். கறுப்பா, மினுமினுன்னு அலுமினியத் தூள். “இது ரத்தத்துல விஷம் கலந்த மாதிரி. பாடி முழுக்கப் போயிருக்கும்”னார். இதுதான் முக்கியமான பாடம். கம்ப்ரஸர் உள்ளுக்குள்ள நொறுங்கினா, வெறும் கம்ப்ரஸரை மட்டும் மாத்தினா போதாது. மிச்சத் தூள் புதுசையும் கொன்னுடும்.

எந்த கேஸ்?

எங்க முன்னாடி மூணு வழி இருந்தது.

ஒண்ணு, ஆர்-12-யே தேடுறது. அப்பாவுக்கு அதுதான் ஆசை. “எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்.” ஆனா உற்பத்தி நின்னு வருஷங்கள் ஆச்சு. “பழைய ஸ்டாக்”னு யாராவது சிலிண்டரைக் காட்டினா உள்ள என்ன இருக்குன்னு சோதிக்காம நம்ப முடியாது. 2011-ல வியட்நாம்லயும் பிரேசில்லயும் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடிச்சுத் தொழிலாளர்கள் செத்தாங்க. காரணம், ஆர்-134ஏ-ன்னு வித்த போலி கேஸ்ல மீதைல் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோட வினைபுரிஞ்சா, காத்து பட்டதும் தானா தீப்பிடிக்கிற பொருள் உண்டாகும். மிட்ஜ்லி எந்த விஷத்தை விரட்ட ஆர்-12 கண்டுபிடிச்சாரோ, அதே விஷம் போலி சிலிண்டர்ல திரும்பி வந்தது.

ரெண்டு, “சிக்கனமா முடிச்சுடலாம்”னு முன்னாடி ஒருத்தர் சொன்ன வழி: சமையல் கேஸ் வகையை அடிக்கிறது. உண்மையில அந்த வாயுக்கள் நல்லாவே குளிர்விக்கும், பழைய எண்ணெயோடவும் கலக்கும். அதனாலதான் சிலர் செய்யறாங்க. ஆனா கூலிங் காயில் எங்க இருக்கு? நம்ம முழங்காலுக்கு முன்னாடி, காருக்குள்ள. அது லீக் ஆனா மூடின கண்ணாடிக்குள்ள எரிவாயு சேரும். ப்ளோயர் மோட்டார்ல ஒரு பொறி போதும். இதுக்காக வடிவமைக்காத வண்டியில இதைச் செய்யவே செய்யாதீங்க. அம்மாவை உட்கார வைக்கிற வண்டி அது.

மூணு, ஆர்-134ஏ-வுக்கு முறைப்படி மாத்துறது. பிப்ரவரியில நடந்ததும் ஆர்-134ஏ தான். கேஸ் மேல தப்பில்ல, போட்ட விதம்தான் தப்பு.

அப்பாகிட்ட அண்ணன்தான் பேசினார். “சார், ஸ்விட்ச்சு ஒரிஜினல், கூலிங் யூனிட் ஒரிஜினல், காத்து வர்ற ஜன்னல் ஒரிஜினல். ரத்தத்தை மட்டும் மாத்துறோம்.” அப்பா ஒத்துக்கிட்டார்.

எதை வச்சோம், எதை மாத்தினோம்

கம்ப்ரஸருக்குப் புதுப்பேட்டையில ரெண்டு சனிக்கிழமை அலைஞ்சேன். அதே காலத்து, அதே மாடல் ஒண்ணு கிடைச்சது. வாங்கும்போது அண்ணன் சொல்லிக் கொடுத்த சோதனை: முன்னாடி தட்டைக் கையால சுத்தணும். சொரசொரன்னு இல்லாம, ஒரே சீரான இறுக்கத்தோட சுத்தணும். கவுத்தா வர்ற எண்ணெய் தெளிவா இருக்கணும், கறுப்பா இருந்தா வச்சுட்டு வந்துடணும். கிளட்ச் காயிலை மீட்டர்ல பார்த்தா 3-லிருந்து 5 ஓம் வரைக்கும் காட்டணும். ஷெட்ல அதுக்குப் புது ஷாஃப்ட் சீல் போட்டு, பழைய எண்ணெயை முழுசா வடிச்சு, ஆர்-134ஏ-வோட கலக்கிற எஸ்டர் ஆயிலை அளந்து ஊத்தினார். மினரல் ஆயில் மிச்சம் கொஞ்சம் இருந்தாலும் எஸ்டர் பொறுத்துக்கும், அதனால பழைய வண்டிக்கு இதுதான் வசதி.

கூலிங் காயிலை வெளியே எடுத்தோம். சருகு, தூசி, ஒரு பழைய சினிமா டிக்கெட். நைட்ரஜன் ஏத்தித் தண்ணித் தொட்டியில முக்கினோம், ஒரு குமிழி வரல. கழுவி, உள்ளே ஃப்ளஷிங் திரவம் விட்டுச் சுத்தம் பண்ணி, அதையே திரும்ப வச்சோம்.

கண்டன்சரைக் காப்பாத்த முடியல. அதோட மெல்லிசான வளைவுகளுக்குள்ள போன தூளை முழுசா கழுவவே முடியாது. தவிர ஆர்-134ஏ நம்ம ஊர் வெயில்ல ஆர்-12-ஐ விட அதிக அழுத்தத்துல ஓடும், சூட்டைக் கொட்ட அதுக்கு நல்ல கண்டன்சர் வேணும். அதே அளவுல, நெருக்கமான தட்டைக் குழாய்கள் இருக்கிற புது ரகம் ஒண்ணைப் பொருத்தினோம். கிரில்லுக்குப் பின்னாடி, வெளியே தெரியாது.

டிரையர் புதுசு. சிஸ்டத்தைத் திறந்தாலே டிரையரை மாத்தணும். உள்ளிருக்கிற மணிகள் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சே தீர்ந்துடும். ஆர்-134ஏ-வுக்குப் பொருந்துற மணிகள் இருக்கிறதா கேட்டு வாங்கணும். எக்ஸ்பான்ஷன் வால்வும் புதுசு. எல்லா ஓ-ரிங்கையும் பச்சை நிறத்துல வர்ற எச்என்பிஆர் ரகத்துக்கு மாத்தினோம். ரப்பர் ஹோஸ்களோட பழைய இரும்பு முனைகளை வச்சுக்கிட்டு, நடுவுல உள்பூச்சு இருக்கிற புது ஹோஸை அழுத்தி இணைச்சுக் கொடுத்தாங்க. ஆர்-134ஏ மூலக்கூறு சின்னது, பழைய ரப்பர் வழியா சுலபமா கசியும்.

அவசரப்படக் கூடாத ரெண்டு மணி நேரம்

எல்லாம் பூட்டின பிறகு நைட்ரஜனை ஏத்தி, ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். கேஜ் முள் ஒரு மணி நேரம் அசையல.

அப்புறம் வாக்கும். பம்ப் வச்சு உள்ளே இருக்கிற காத்தை உறிஞ்சறது. காத்தை எடுக்கத்தான்னு நான் நினைச்சேன். அதைவிட முக்கியம் ஈரம். மலை மேல தண்ணி சீக்கிரம் கொதிக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அழுத்தம் குறைஞ்சா கொதிநிலையும் குறையும். நல்ல வாக்குமுக்குள்ள தண்ணி சென்னை வெயில் சூட்டுலயே கொதிச்சு ஆவியாகி வெளியே வந்துடும். ஆனா நேரம் எடுக்கும். பிப்ரவரி கடையில இந்த வேலையே நடக்கல. அண்ணன் ஒரு மணி நேரம் ஓட விட்டார், வால்வை மூடி இன்னொரு அரை மணி முள்ளைப் பார்த்தார். முள் ஏறினா லீக், இல்லைன்னா ஈரம் பாக்கி. ஏறல.

கேஸை எடை மெஷின் மேல சிலிண்டரை வச்சு அளந்து ஏத்தினார். ஆர்-12-க்குச் சொன்ன எடையில 80-லிருந்து 90 சதவீதம்தான் ஆர்-134ஏ. பழைய ஆட்கள் டிரையர் மேல இருக்கிற கண்ணாடியில குமிழி மறையற வரைக்கும் அடிப்பாங்க. ஆர்-12-க்கு அது சரி. ஆர்-134ஏ-வுல அப்படிச் செஞ்சா அதிகமாகிடும், அழுத்தம் ஏறும், குளிர் குறையும். வெளியே 35 டிகிரி. கேஜ்ல லோ சைடு 30 சொச்சம், ஹை சைடு 220 பிஎஸ்ஐ பக்கம். அண்ணன் தலையாட்டினார்.

கடைசியா ஒரு சின்ன வில்லன். ஏசி போட்டதும் இன்ஜின் தடதடன்னு அணைஞ்சது. 796 சிசி, மூணு சிலிண்டர் பாவம். ஐட்லிங்ல கம்ப்ரஸரை இழுக்க அதுக்குத் தெம்பு பத்தாது. அதுக்காகவே கார்புரேட்டர்ல ஒரு ஐடில்-அப் ஏற்பாடு உண்டு: ஏசி போட்டா வாக்கும் ஹோஸ் வழியா ஆக்ஸிலரேட்டரை லேசா தூக்கிவிடும். அந்த ஹோஸ் வெடிச்சிருந்தது. சில ரூபாய் ரப்பர் குழாய். இந்த ஒரு குழாயால எத்தனை பேர் “ஏசி போட்டா வண்டி இழுக்காது”ன்னு ஏசியையே கழட்டிப் போட்டிருப்பாங்களோ.

சித்திரை

தமிழ்ப் புத்தாண்டு அன்னைக்கு மயிலாப்பூர் போனோம். நான் பின் சீட்டு. தெர்மாமீட்டரை முன்னாடி வென்ட்ல சொருகியிருந்தேன். வண்டி ஓடும்போது 10 டிகிரி, சிக்னல்ல நின்னா 14. புது வண்டிகளோட ஒப்பிட்டா சுமார்தான். அப்பா ஃப்ளைஓவர் ஏறும்போது பழைய பழக்கத்துல ஏசியை அணைச்சு, மேல போனதும் போட்டார். முப்பது வருஷத்துக்கு முன்னாடி கத்துக்கிட்ட கை.

அம்மா கோவில் வாசல் வரைக்கும் இன்ஹேலர் எடுக்கல. வழியில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: “இவ்வளவு ஜில்லுன்னு வேணுமா? கொஞ்சம் குறைங்க.” அப்பா குறைக்கல.

மொத்தச் செலவு, பிப்ரவரி தண்டத்தையும் சேர்த்து, வண்டியோட இன்றைய விலையில பாதிக்குப் பக்கம். கணக்குப்படி முட்டாள்தனம். அக்காகிட்ட பில்லைக் காட்டல, நீங்களும் சொல்லிடாதீங்க.

நீங்க ஒரு பழைய வண்டியை ஏசி வேலைக்கு விடப் போறீங்கன்னா, கடையில நாலே கேள்வி கேளுங்க. லீக் எங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? எந்த எண்ணெய் ஊத்துவீங்க? டிரையரை மாத்துவீங்களா? வாக்கும் எவ்வளவு நேரம்? இதுக்குப் பதில் வராம “ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாம்”னு சொன்னா, சாவியைத் திரும்ப வாங்கிக்கோங்க. நீங்களே கேஜ் மாட்டிப் பார்க்க ஆசைப்பட்டா கண்ணாடியும் கையுறையும் இல்லாம தொடாதீங்க. திரவம் தோல்ல பட்டா உறைஞ்சு புண்ணாகும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து.

உங்க வீட்டு வண்டியில இப்படி நின்னுபோன ஸ்விட்ச் ஏதாவது இருந்தா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பெல்ட் சத்தம் இருந்தா அதையும் சேர்த்து ரெக்கார்டு பண்ணுங்க, அண்ணன்கிட்ட போட்டுக் காட்டுறேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.